அரிவாள் செல் மரபணுவைத் தட்பவெப்பத்தோடு ஒப்பிடுவது எப்படி? (நான் சறுக்கிய இடங்களோடு)

மலேரியா மண்டிய ஊர்களில், ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் அரிவாள் செல் மரபணுவும் அதிகம் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். பொதுவில் கிடைக்கும் தரவை வைத்து அதை நாமே வரைந்து பார்த்தால் என்ன என்று உட்கார்ந்தேன். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தது மூன்று நாள் இழுத்துவிட்டது. உங்களுக்காவது ஒரே சாயங்காலத்தில் முடியட்டும்.

படி 1: எண்களை எடுப்பது

என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத் தளத்தில் ஆர்எஸ்334 என்று (ஆங்கில எழுத்தில்தான்) தேடுங்கள்; அரிவாள் செல் மாற்றத்தின் அடையாள எண் அது. மக்கள் குழுவாரியான அட்டவணையில் பல நாட்டு மக்களின் டிஎன்ஏ-வைப் படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் 26 குழுக்கள் இருக்கும். மொத்தம் 2504 பேர். அதை லிப்ரே ஆஃபிஸில் ஒட்டிக்கொள்ளுங்கள். மரபணுப் பெயரைத் தேதியாக மாற்றிவைக்கும் எக்செல்லை இந்த வேலைக்கு நான் தொடுவதில்லை.

இங்கே ஒரு பொறி. பாடப்புத்தகத்தில் டிஎன்ஏ-வின் ‘ஏ’ என்ற எழுத்து ‘டி’ ஆக மாறுவதுதான் அரிவாள் மாற்றம். ஆனால் டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளில் அட்டவணை ஒன்றைப் படிக்க, இந்த மரபணு எதிர் இழையில் உட்கார்ந்திருப்பதால், அட்டவணையில் ‘டி’தான் இயல்பானது, ‘ஏ’தான் அரிவாள். இது தெரியாமல் ஆப்பிரிக்காவில் 90 சதவீதம் அரிவாள் என்று கண்டுபிடித்துவிட்டேன்! உண்மையில் அது சுமார் 10. ஐரோப்பியக் குழுக்களில் எந்த எழுத்து நிறைந்திருக்கிறதோ அதுவே இயல்பானது என்று வைத்துக்கொண்டால் தப்பாது.

படி 2: ஊரைக் குறிப்பது

என்னை ஒரு நாள் முழுக்க முழிக்க வைத்தது இதுதான். அட்டவணையில் உள்ள இலங்கைத் தமிழர்கள் ரத்தம் கொடுத்தது பிரிட்டனில். தெலுங்கர்களும் அங்கேதான். குஜராத்திகள் ஹூஸ்டனில். ரத்தம் எடுத்த இடத்தை வைத்துப் புள்ளி போட்டேன். நம் ஆட்கள் எல்லாரும் பிரிட்டன் குளிரில் வந்து நின்றார்கள். பாட்டன் பூட்டன் பல தலைமுறை கொசுக்கடி வாங்கிய ஊர்தான் நமக்கு வேண்டும். புலம்பெயர்ந்த குழுக்களுக்குப் பூர்வீக ஊரை நீங்களே நிரப்புங்கள். பார்படாஸ், தென்மேற்கு அமெரிக்காவின் ஆப்பிரிக்க வம்சாவளியினரை விட்டுவிடுங்கள்; அவர்களுக்கு ஒரே பூர்வீக ஊர் என்று எதைச் சொல்வது?

படி 3: தட்பவெப்பத்தைச் சேர்ப்பது

உலகத் தட்பவெப்பத் தரவு தரும் வேர்ல்டுகிளிம் தளத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம், ஆண்டு மழை, உயரம் மூன்றையும் இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளின் மேல் வையுங்கள். 2.1 பதிப்பையே எடுங்கள். பழைய 1.4-இல் வெப்பத்தைப் பத்தால் பெருக்கி வைத்திருப்பார்கள். நைஜீரியாவின் இபாதானில் 260 டிகிரி காட்டும். அப்புறம், ஊர்ப் புள்ளிகளை ஏற்றும்போது தீர்க்கரேகைதான் முதலில், அட்சரேகை பிறகுதான் வர வேண்டும். மாற்றிப் போட்டால் அதே இபாதான் கினி வளைகுடாக் கடலில் போய் விழும்.

படி 4: பார்ப்பது

ஆப்பிரிக்க மண்ணிலேயே எடுத்த குழுக்கள் ஐந்துதான். ஐந்து புள்ளிக்குக் கோடு போட்டுச் சமன்பாடு எழுதாதீர்கள். வெயில் நேராக மரபணுவைத் தொடுவதுமில்லை. வெப்பம் 16–18 டிகிரிக்குக் கீழே போனால் கொசுவின் வயிற்றில் ஃபால்சிபாரம் என்ற கடும் மலேரியாக் கிருமியின் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோகும். அதனால்தான் உயரம் முக்கியம். ஆய்வாளர் ஆன்டனி அலிசன் 1949-இல் கென்யாவில் பார்த்ததும் இதையே: கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அரிவாள் செல் நிறைய, நடுவே மேட்டுநிலத்தில் மிகக் குறைவு. அரிவாள் மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களை அது கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954-இல் எழுதினார். இரண்டு பிரதி வந்தால் நோய்.

பின்சேர்க்கை

ஒரு வாசகி கேட்டிருந்தார்: “இலங்கைத் தமிழர் வரிசையில் பூஜ்யம் வருகிறதே, அங்கே மலேரியா இல்லையா?” இல்லாமலா! 1934–35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். 2016-இல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆகவே இன்றைய மலேரியா வரைபடத்தை ஒப்பிடாதீர்கள். மருந்தடிப்புக்கு முந்தைய நிலையைக் காட்டும் 1968-ஆம் வருடத்து லைசென்கோ மலேரியா வரைபடமே சரி.

பூஜ்யத்துக்குக் காரணம் வேறு. வந்து சேராத மாற்றத்தை எந்தக் கொசுவாலும் பெருக்க முடியாது. பக்கத்தில் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷ்ஷும் 1952-இலேயே கண்டார்கள். ஆனால் இலங்கையில் பெரும்பாலும் காணப்படுவது அதே மரபணுவின் வேறு மாற்றங்களான பீட்டா தலசீமியாவும் ஹீமோகுளோபின் இ-யும். பின்னதற்கு ஆர்எஸ்33950507 என்று தேடி, இதே படிகளைச் செய்து பாருங்கள். அதே மரபணுதான், எனவே அங்கேயும் பாடப்புத்தக எழுத்து வராது, எதிர் இழையின் எழுத்துதான் வரும்.