மாத்திரை 30, நாள் 35: நடமாடும் மருத்துவ வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமத்துக்கு மருத்துவ வண்டி அனுப்புகிறவர்கள் வண்டிக்குள் என்னென்ன கருவி வேண்டும் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் நோயாளிகளைப் பொறுத்தவரை, வண்டி கிளம்பிப் போன பிறகு வரும் நாட்களைத்தான் யோசிக்க வேண்டும்.

"மாதத்தின் இரண்டாவது செவ்வாய்" என்று நாள் குறித்துவிட்டு 30 நாள் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு இரண்டாவது செவ்வாயிலிருந்து அடுத்ததற்கு சில மாதம் 28 நாள், சில மாதம் 35 நாள். 35 வரும்போது கடைசி ஐந்து நாள் வீட்டில் மாத்திரை இருக்காது. அட்டெனோலால் போன்ற பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பிரஷரும் நாடித்துடிப்பும் எகிறும். இதய நோய் உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. 35 நாளோடு ஒரு வாரம் சேர்த்துக் கணக்கிடுங்கள். தினம் ஒன்று என்றால் 42, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை காலை, இரவு என்றால் 84. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் சூழும் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில், கிள்ளைப் பக்கத்து ஊர்களுக்குப் புரட்டாசியிலேயே இரண்டு மாதத்துக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

வண்டி நிற்கும் நேரத்தையும் ஊரின் வேலையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்தில் காலை 10 மணிக்குப் போனால் ஆட்கள் தோப்பில் இருப்பார்கள், மாலையில் போங்கள். கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் கண்ணில் படாத விசைப்படகுத் தொழிலாளர்களைப் பரிசோதிக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது.

அந்தப் பருவத்தில் பலாவும் வந்துவிடும். சுளை எடுத்த கையோடு வந்தவரின் விரலில் குத்தினால், தோலில் ஒட்டிய பழச்சர்க்கரையும் ரத்தத்தில் கலந்து, இல்லாத சர்க்கரையைக் கருவி காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். ஒரு குடமும் சோப்பும் வண்டியில் இருக்கட்டும்.

பிரஷரிலும் இப்படித்தான். வெயிலில் நடந்து வந்தவரை 5 நிமிடம் முதுகு சாய உட்கார வையுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இன்சுலினைச் சூடு கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். குளிரும் கெடுக்கும் என்பதைத்தான் மறக்கிறார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகப் பாட்டில்மேல் வைத்தால் மருந்து உறைந்துவிடும். உறைந்ததை உருக்கிப் போடக்கூடாது, அப்புறப்படுத்த வேண்டும். குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை ஐஸ் பேக்கை வெளியே வைத்து, துணி சுற்றிப் பெட்டியில் அடுக்குங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று புறப்படும்போதும் ஒவ்வொரு ஊரிலும் பாருங்கள்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்று வாயால் சொல்லி அனுப்புவது பாதி வேலைதான். எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, எந்த பஸ், எதைக் காட்ட வேண்டும் என்று தமிழில் சீட்டு எழுதிக் கொடுங்கள். அதன் நகலில் அவர் வீட்டு போன் எண்ணைக் குறித்து, அடுத்த வாரம் ஒரு தடவை கூப்பிட்டு, "போனீங்களா?" என்று கேளுங்கள்.