சீலியாக் உள்ள குழந்தையோடு கப்பல் சுற்றுலா: முதல்முறை போகிறவர்களுக்குச் செய்முறை விளக்கம்

என் மகளுக்கு 7 வயதில் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம், எந்த ஊருக்குப் போனாலும் சமையலறை உள்ள வீடாகப் பார்த்துத்தான் தங்கினோம். குக்கர், தோசைக்கல், அரிசி மாவு எல்லாம் பெட்டியில் கூடவே வரும். ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் நான் அடுப்படியில்தான் நின்றேன்.

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபூகெட் போய்த் திரும்பும் கப்பலில் முதல்முறையாகப் போனோம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. மலாக்கா நீரிணையின் நடுவில் பிள்ளைக்குச் சாப்பிட ஒன்றும் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்றே மனசு ஓடியது. போய் வந்தபின் சொல்கிறேன், ஓட்டலைவிடக் கப்பல்தான் எங்களுக்கு எளிதாக இருந்தது. கரையில் ஒவ்வொரு வேளைக்கும் புது ஆளிடம் முதலிலிருந்து விளக்க வேண்டும். கப்பலில் அதே மேசை, அதே பரிமாறுபவர், அதே சமையலறை. ஒருவருக்கு ஒருமுறை ஒழுங்காகப் புரியவைத்துவிட்டால் மிச்ச நாளெல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். அந்த ஒருவரை எப்படிப் பிடிப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், எவ்வளவு கவனம் வேண்டும்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் வைத்தியம். "கொஞ்சம் பட்டால் என்ன?" என்று உறவினர்கள் கேட்பார்கள். தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் சாப்பிட்டாலே குடல் பாதிக்கிறது என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியை நாற்பதாகப் பிய்த்தால் ஒரு பங்கில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அதனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு, அது எந்தக் கரண்டியால் வந்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை: சில அகராதிகளில் ரை என்பதற்குக் 'கம்பு' என்று போட்டிருக்கும். நம்மூர்க் கம்பு வேறு தானியம், அதில் குளூட்டன் இல்லை. சம்பா கோதுமை பாரம்பரிய தானியமாச்சே, ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் தவறு. அதுவும் கோதுமைதான்.

படி 1: முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள்

பயணத்துக்குக் குறைந்தது 90 நாள் முன்பே கப்பல் நிறுவனத்தின் சிறப்பு உணவுப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். 'குளூட்டன் இல்லாத உணவு வேண்டும்' என்று மட்டும் எழுதினால் எடை குறைக்கக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். 'சீலியாக் நோய், மருத்துவக் காரணம்' என்று தெளிவாக எழுதுங்கள். பயண முகவர் வழியாகப் பதிவு செய்தால் "சொல்லிட்டேன் மேடம்" என்ற பேச்சோடு விடாதீர்கள். கப்பலிலிருந்து வந்த பதிலைக் கேட்டு வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவக் குடும்பங்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். படிவத்தில் 'இந்திய சைவம்' என்று குறித்தால் சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். சீலியாக்கை முதலில் எழுதி, கூடவே சைவம் என்று ஒரே குறிப்பில் சேர்த்து எழுதுங்கள்.

'நூறு சதவீதம் உத்தரவாதம் தர முடியாது' என்று பதிலில் ஒரு வரி இருக்கும். பொதுச் சமையலறை உள்ள எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம்.

படி 2: பெட்டியில் என்ன வைப்பது

பெரும்பாலான கப்பல்களில் வீட்டில் செய்த சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலங்களுக்கு உண்டு. ரைஸ் குக்கர், மின்கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு எதையும் ஏற்ற விட மாட்டார்கள். தீப்பிடிக்கும் அபாயம் என்று பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். நாங்கள் கொண்டுபோனது அரிசி நூடுல்ஸ் கோப்பைகள் (பஃபேயில் வெந்நீர் கிடைக்கும்), கடலை மிட்டாய், முந்திரி, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பிஸ்கட். அந்த அச்சுக்கு ஓர் அளவு உண்டு: ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

கடை முறுக்கு, மிக்ஸர் வாங்கினால் பெருங்காயத்தைப் பாருங்கள். எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது, ஆனால் கப்பலில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் எதைப் போட்டார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்குப் பழக்கமான சத்து பானங்களிலும் பார்லி மால்ட், கோதுமை இருக்கும். ஹார்லிக்ஸும் அப்படித்தான்.

மருத்துவர் கடிதம், வழக்கமான மாத்திரைகள், வாந்தி பேதிக்கான உப்புச் சர்க்கரைப் பொட்டலம், பயணக் காப்பீடு. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான், ஆனால் கடிதம் எங்களுக்கு உண்மையாகவே உதவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 3: ஏறும் நாளில் பஃபேக்கு ஓடாதீர்கள்

மெரினா பே கப்பல் முனையத்தில் வரிசை முடிந்து உள்ளே போனதும் எல்லோரும் நேராகப் பஃபேக்குத்தான் போவார்கள். ஆயிரக்கணக்கான பேர், ஒரே பசி. ரொட்டியை எடுத்த இடுக்கியாலேயே பழத்தையும் எடுப்பார்கள். அந்த நேரத்தில் எந்தச் சமையல்காரரும் நின்று பதில் சொல்ல முடியாது. பிள்ளைக்கு வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். ஏறியதும் பெரிய உணவுக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். அன்று மதியம் மேசை ஒதுக்கீடு பற்றிப் பேச ஆட்கள் இருப்பார்கள்.

படி 4: ஹெட் வெயிட்டரைப் பாருங்கள்

இந்த விளக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மேசையில் பரிமாறுபவருக்கு மேல் ஒரு ஹெட் வெயிட்டர் இருப்பார். ஒவ்வாமை, சிறப்பு உணவு எல்லாம் அவர் பொறுப்பு. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவரைத் தேடிப் போய் நான் சொன்னது இவ்வளவுதான்:

- இவளுக்குச் சீலியாக். கோதுமை, மைதா, ரவை, பார்லி, ரை, சாதாரண சோயா சாஸ் எதுவும் கூடாது.
- இவளுக்குச் செய்யும்போது கழுவிய பாத்திரம், கழுவிய கரண்டி, புதுக் கையுறை வேண்டும்.
- ரொட்டித்தூள் போட்டுப் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரித்தாலும் ஆகாது.
- இன்றைக்கு எது முடியாதோ அதை முடியாது என்றே சொல்லுங்கள். வெறும் சோறு கொடுத்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்.

கடைசி வரியைக் கேட்டதும் அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். விருந்தினரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்றே அவர்களுக்குப் பழக்கியிருப்பார்கள், அதனால்தான் சில சமயம் தெரியாததற்கும் 'ஆம்' வந்துவிடுகிறது. 'இல்லை' சொல்ல நாமே வழி விட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

அவர் உள்ளே போய் மறுநாள் இரவுக்கான பட்டியலைக் கொண்டுவந்தார். கப்பலில் இதுதான் வழக்கம்: ஒவ்வொரு இரவும் சாப்பிட்டு முடித்ததும் மறுநாள் பட்டியலைக் கேட்டு வாங்கி, வேண்டியதை அப்போதே சொல்லிவிட வேண்டும். மைதா போட்டுக் கெட்டியாக்கும் சூப்பை உருளைக்கிழங்கு போட்டுச் செய்து தர அவர்களுக்கு ஓர் இரவு அவகாசம் கிடைக்கிறது. பட்டியலில் குளூட்டன் இல்லை என்ற குறி இருந்தாலும் முன்கூட்டிச் சொல்வதை விடாதீர்கள். குறி இருக்கும் உணவோடு சில நேரம் சாதாரண ரொட்டித் துண்டு ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டாம் இரவு அவள் தட்டு தனியாக, மூடி போட்டு வந்தது. ஹெட் வெயிட்டரே கையில் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்: சுட்ட மீன், வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, தனியாகச் சுட்ட ஒரு சின்ன ரொட்டி. ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. மேசை ரொட்டிக் கூடையை அவரே தள்ளி வைத்தார். என் மகள் என்னைப் பார்த்து, "அம்மா, நான் சாப்பிடலாமா?" என்றாள். ஓட்டலில் அவள் எப்போதும் கேட்கும் கேள்விதான் அது. மறுநாளிலிருந்து அதை அவள் என்னிடம் கேட்கவில்லை, நேராக அவரிடமே கேட்டாள்.

படி 5: பஃபேயில் பார்க்க வேண்டியது

காலையும் மதியமும்கூட முடிந்தவரை உணவுக்கூடத்திலேயே உட்காருங்கள். பஃபேக்குப் போனால் சமையல்காரரைக் கூப்பிட்டு, உள்ளிருந்து புதுத் தட்டில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தோலோடு இருக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு, ஓட்டோடு அவித்த முட்டை, மூடிய தயிர்க் கோப்பை ஆகியவற்றை நம்பி எடுக்கலாம். கார்ன்ஃபிளேக்ஸ் சோளம்தானே என்று எடுக்காதீர்கள், பலவற்றில் பார்லி மால்ட் இருக்கும். நண்டுக்கறி மாதிரி சிவப்பாக இருக்கும் குச்சிகள் பெரும்பாலும் மீனில் கோதுமை மாவுச்சத்து சேர்த்துச் செய்பவை.

நான் ஏமாந்தது தோசையில்தான். மூன்றாம் நாள் காலை, இந்திய உணவு மேசையில் சுடச்சுடத் தோசை. அரிசியும் உளுந்தும்தானே, சாம்பார் மட்டும் வேண்டாம் என்று ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதி சாப்பிட்ட பிறகு திரும்பிப் பார்க்கிறேன், அதே கல்லில் சப்பாத்தி வாட்டுகிறார்கள், அதே தோசைத்திருப்பியால் புரட்டுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கியது. மாவைக் கேட்டேன், கல்லைக் கேட்கவில்லை. நம் சாப்பாடு என்றதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கைக்கழுவும் விஷயமும் உண்டு. பஃபே வாசலில் கிருமிநாசினி தெளிப்பார்கள். அது குளூட்டனைப் போக்காது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால்தான் போகும்.

படி 6: உடம்பு முடியாமல் போனால்

கப்பலில் வாந்தி பேதி என்றாலே முதலில் நோரோ வைரஸைத்தான் சந்தேகிப்பார்கள். அது வேகமாகப் பரவும் என்பதால் நோயாளியைக் கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள், அறிகுறி நின்ற பிறகும்கூட. அதற்காக மறைக்காதீர்கள். உண்மையிலேயே நோரோவாக இருந்தால் பாதிப்பு கப்பல் முழுக்க. மருத்துவ அறைக்குப் போய், கடிதத்தைக் காட்டி, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாள் என்பதைச் சொல்லுங்கள். எங்களுக்கு அன்று மாலை வரை கேபினில் ஓய்வு என்று முடிவானது. கப்பல் மருத்துவத்துக்குக் கட்டணம் அதிகம், பயணக் காப்பீடு கைகொடுப்பது இங்கேதான்.

படி 7: துறைமுகங்களில்

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். தமிழில் பேசிக் கேட்க முடிவது பெரிய வசதி. "அண்ணே, பெருங்காயத்துல கோதுமை மாவு இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் டப்பாவையே எடுத்துவந்து காட்டினார், இருந்தது. அவளுக்குச் சோறும் தயிரும் வாழைப்பழமும் வாங்கினோம். சார் குவே தியாவ் என்ற பினாங்கு வறுத்த நூடுல்ஸில் நூடுல்ஸ் அரிசிதான், ஆனால் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை.

ஃபூகெட்டில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நிற்கும், சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டும். திரும்பி வர நேரமாகும் என்பதால் பையில் சாப்பாடு இருக்கட்டும். மூடிய பொட்டலங்களைக் கொண்டுபோகலாம், கப்பலிலிருந்து பழமோ இறைச்சியோ இறக்கக் கூடாது. தாய் மொழியில் எழுதிய ஓர் அட்டையை முன்பே அச்செடுத்துக்கொள்ளுங்கள். சோயா சாஸ், சிப்பி சாஸ் இரண்டையும் அதில் பெயர் சொல்லி எழுதுங்கள். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் அவளுக்கு அவ்வளவு பிடித்தது, இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

கடைசிக் காலை

இறங்கும் நாள் காலை, ஏறிய நாளைப் போலவே ஒரே கூட்டம். உங்கள் ஹெட் வெயிட்டரும் அடுத்த பயணிகளுக்கான வேலையில் இருப்பார். முந்தைய இரவே சொல்லி அவளுக்கான ரொட்டியை மூடி வைக்கச் சொல்லுங்கள், அதைக் கப்பலில் இருக்கும்போதே சாப்பிடக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். எங்களுக்கு அவர் இரண்டு ரொட்டியைத் தாளில் சுற்றி, மேலே பேனாவால் மகளின் பெயரை எழுதி வைத்திருந்தார்.