வெளிநாடு போகிறவருக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரை எழுதும் முன் பையைக் கொட்டச் சொல்லுங்கள்

களியக்காவிளைப் பக்கம் புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இது. நம்மூரில் ஒருவருக்கு இதயத்துக்குத் திருவனந்தபுரம் சீட்டு, சர்க்கரைக்கு நாகர்கோவில் சீட்டு, முட்டுவலிக்குப் பாறசாலை வைத்தியசாலை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

முதல் வேலை: "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் போதாது. வீட்டில் இருக்கும் அத்தனையையும் பையில் கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டுங்கள். தான்சானியாவில் மகளைப் பார்க்கப் போகவிருந்த ஒரு பெரியவர் கொட்டினார்: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு, பெயர் வெட்டுப்பட்ட கால்சியம் அட்டை, அடியில் லோகாசவ பாட்டில். "அது மருந்தில்ல டாக்டரே, ஆசவம்தானே" என்றார். இரும்பு சேர்ந்த ஆசவம் அது!

இரண்டாவது: ஊரும் நாட்களும். தான்சானியா மலேரியாவுக்குக் குளோரோகுயின் பலிக்காது. வழக்கமாக டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின், அடோவாகுவோன்-புரோகுவானில் மூன்றில் ஒன்று. வலிப்போ மனநலச் சிக்கலோ இருந்தவருக்கு மெஃப்ளோகுயின் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதில்தான் நேரம் செலவழியுங்கள். கொட்டிய ஒவ்வொன்றையும் புது மாத்திரையோடு ஒப்பிடுங்கள். கால்சியமும் இரும்பும் டாக்ஸிசைக்ளினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், அது ரத்தத்தில் சரியாகச் சேராது, பெரியவர் தினமும் மாத்திரை விழுங்கியும் மலேரியாவுக்குப் பாதுகாப்பு குறைந்துபோகும். வார்ஃபரினோ டாக்ஸிசைக்ளின், புரோகுவானில் எதோடு சேர்ந்தாலும் வேகம் கூடலாம், ரத்தக்கசிவு வரை போகும். ஆகவே பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மாத்திரையைத் தொடங்கி, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் சோதனை) பார்த்த பிறகே அனுப்புங்கள்.

நாம் மறப்பது, "வயிறு கெட்டால் போடுங்க" என்று கைகாவலாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான சிப்ரோஃப்ளாக்ஸசினை. கிளிமெபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும், வார்ஃபரினின் வேகத்தையும் ஏற்றும். முதுகுப்பிடிப்புக்கு டிசானிடின் போடுகிறவருக்குச் சிப்ரோ கூடவே கூடாது. லேசான போக்குக்கு ஓஆர்எஸ் போதுமே.

சரி, பெரியவருக்கு என்ன கொடுத்தேன்? டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. ஆசவத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன், முகம் சுருங்கியது.

கடைசியாக, சீட்டில் தமிழில் நேரம் எழுதுங்கள். நான் எழுதியது: "காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்ஸி, நிறையத் தண்ணீர், பால் சாயாவோடு வேண்டாம், உடனே படுக்காதீங்க. கால்சியம் இரவில் மட்டும். ஊர் திரும்பின பிறகும் 28 நாள்." அந்த 28-ஐ வட்டம் போட்டுக் கொடுத்தேன், திரும்பி வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம்.