ரிலக்டன்ட் = தயக்கம்? அங்கேதான் தப்பு: பிளஸ் ஒன் மாணவருக்கு ஆங்கிலச் சொல்வளம்

எந்தச் சொற்களைப் படிப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாயில் நுழையாத சொற்களாகப் பொறுக்கிப் போட்ட புத்தகங்கள் வேண்டாம். அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட அகடமிக் வேர்டு லிஸ்ட் போதும், அதாவது கல்வி நூல்களில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல். மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் ஒரு குடும்பம்), 10 பட்டியல்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குடும்பத்துக்கு ஒன்றாக நாளுக்கு 5 சொல், ஞாயிற்றுக்கிழமை புதுச்சொல் கிடையாது. வாரம் 30 என்றால் 19 வாரம். ஜூன் நடுவில் தொடங்கினால் அக்டோபர் கடைசியில் முடிந்துவிடும்.

ஏ4 அளவு சார்ட் அட்டையை எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு சொல்லுக்கான கார்டு. சாதாரணத் தாள் வேண்டாம், பின்பக்க எழுத்து தெரிந்து விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி கார்டில் என்ன எழுதுவது. முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். ஒரு பக்கம் ‘ரிலக்டன்ட்’, மறுபக்கம் ‘தயக்கம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். தயக்கம் பெயர்ச்சொல், ரிலக்டன்ட் பெயரடை. அதனால் கட்டுரையில் ‘ஹி ஹேட் ரிலக்டன்ட்’ என்று வந்து விழும். இன்னொரு சிக்கலும் உண்டு. முடிவெடுக்க முடியாமல் நிற்பவனையும் தயங்குகிறான் என்கிறோம், மனமில்லாமல் இழுப்பவனையும் தயங்குகிறான் என்கிறோம். ஆங்கிலத்தில் முன்னவன் ஹெசிடன்ட், பின்னவன் ரிலக்டன்ட்.

ஆகவே கார்டின் பின்பக்கம் மூன்று வரி. முதல் வரியில் சொல், அதன் துணைச்சொல்லோடு: ‘ரிலக்டன்ட் டு’, அடுத்து வினைச்சொல். இரண்டாவது வரியில் ‘மனமில்லாத’ என்று பெயரடையாகவே தமிழ்ப்பொருள். மூன்றாவது வரியில் உங்கள் ஊர் வாக்கியம்: ‘தி ஏற்காடு பஸ் கண்டக்டர் வாஸ் ரிலக்டன்ட் டு அக்செப்ட் எ டோர்ன் நோட்.’ கிழிந்த நோட்டை நீட்டியதும் அவர் முகம் போகும் போக்கு நினைவுக்கு வருகிறதல்லவா, சொல்லும் கூடவே வரும். முன்பக்கம் அதே வாக்கியம், சொல் இருக்கும் இடத்தில் மட்டும் கோடு, பக்கத்தில் முதல் எழுத்து. சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்லும் பயிற்சி ஒரு மார்க் கேள்விக்கு உதவும். கட்டுரைக்குக் கைகொடுப்பது இந்தக் கோடிட்ட இடம்தான்.

ஃபிளக்சுவேட் என்ற சொல்லுக்குச் சேலத்துப் பிள்ளை வாக்கியம் தேடி அலைய வேண்டியதில்லை: ‘சேகோ பிரைசஸ் ஃபிளக்சுவேட்.’ ஜவ்வரிசி விலை தானாக ஏறி இறங்குகிறது. ‘வாஸ் ஃபிளக்சுவேட்டட்’ என்று எழுதினால் தவறு.

துணைச்சொற்களில் தமிழை அப்படியே நம்பாதீர்கள். பலத்த காற்று ‘ஸ்ட்ராங் விண்ட்’, சரி. பலத்த மழை ‘ஸ்ட்ராங் ரெயின்’ ஆகாது, ‘ஹெவி ரெயின்’. காபி மறுபடி ஸ்ட்ராங். இதற்கெல்லாம் விதி தேடினால் கிடைக்காது, அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் சிபாரிசு ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. இணையப் பதிப்பு இலவசம், உச்சரிப்பையும் கேட்கலாம். ஆங்கிலம்-தமிழ் செயலிகள் பொருளைச் சரிபார்க்க மட்டும்.

ரிவிஷனுக்கு ஒரு காலி ஸ்வீட் டப்பாவை மூன்றாகத் தடுங்கள். செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் எழுதிய பெட்டி முறையின் சுருக்கம் இது. முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன கார்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். ஒவ்வொரு தடவையும் குலுக்குங்கள், இல்லாவிட்டால் சொல்லுக்குப் பதில் வரிசைதான் மனப்பாடமாகும். முதல் அறையில் 25 கார்டு தாண்டினால் அது குறையும்வரை புதுச்சொல்லை நிறுத்துங்கள். பலர் கைவிடுவது இந்தக் குவியலைப் பார்த்துத்தான்.

பின்சேர்க்கை: மொபைலில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு, ஆண்ட்ராய்டில் அன்கிட்ராய்டு என்ற கார்டுச் செயலி இலவசம். நாளுக்கு 20 புதுக் கார்டு என்று இருக்கும் அமைப்பை 5 ஆக்குங்கள். யாரோ செய்து வைத்த டெக்கை (கார்டுத் தொகுப்பை) இறக்காதீர்கள். வாக்கியம் யோசிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பாதிச் சொல் மனதில் ஏறுகிறது.

இன்னொன்று: ஏற்காடு ரோட்டின் 20 ஹேர்பின் வளைவுகளைச் சொல்ல ‘டார்ச்சுவஸ்’. நடுவில் இன்னொரு ஆர் சேர்த்து ‘டார்ச்சரஸ்’ ஆக்கினால் பொருள் ‘வதைக்கிற’ என்று மாறிவிடும். இரண்டையும் தனித்தனிக் கார்டில், ஒரே நாளில் அல்லாமல், ஒரு வாரம் தள்ளி எழுதுங்கள்.