வீட்டிலிருந்தே மனநல ஆலோசனை: முதல் அமர்வுக்குத் தயாராவது எப்படி?

என் முதல் ஆன்லைன் அமர்வில் பக்கத்து அறையில் வீட்டார் இருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தாலும் பாதகமில்லாத சொற்களாகத் தேடித் தேடிப் பேசினேன். சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. புதிதாகத் தொடங்கும் யாருக்கும் அது நேரக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இணைய வேகமும் கேமராவும் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியவை. நீங்கள் பேசுவது வேறு யாருக்கும் கேட்காத இடம்தான் முதலில் வேண்டும்.

படி 1: இடத்தைச் சோதித்துப் பாருங்கள்

அமர்வுக்கு முந்தைய நாள் இதைச் செய்யுங்கள். நீங்கள் உட்காரப்போகும் இடத்தில், நீங்கள் பேசும் அளவுச் சத்தத்தில் யாராவது பேசும் ஒலிப்பதிவு ஒன்றை மொபைலில் ஓடவிடுங்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். முணுமுணுப்பு மட்டும் கேட்டால் கவலையில்லை. சொற்கள் புரிந்தால், கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறியையோ ரேடியோவையோ ஓடவிட்டு மறுபடியும் கேளுங்கள். கதவின் அடியில் உள்ள இடைவெளியைத் துணியால் அடைத்தாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

ஹெட்போன் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆலோசகரின் குரலைத்தான் மறைக்கும். உங்கள் குரலை மறைக்காது.

தனி அறை இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். நிறுத்திவைத்த காரில் அமர்ந்து பேசுகிறவர்கள் உண்டு. மொட்டை மாடியிலிருந்து வீடியோ இல்லாமல் குரல் வழியாக மட்டும் பேசவும் பல ஆலோசகர்கள் ஒப்புக்கொள்வார்கள். யாரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறதோ அவர் வீட்டில் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களிடம் "முக்கியமான அழைப்பு, ஒன்றரை மணி நேரம் கதவைத் தட்ட வேண்டாம்" என்று சொன்னால் போதும். காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

பலர் பயன்படுத்தும் கணினி என்றால், அமர்வை நினைவூட்டும் மின்னஞ்சல் எல்லோர் கண்ணிலும் படும். உங்கள் சொந்த மொபைலுக்கு அதை மாற்றிவிடுங்கள்.

படி 2: கருவி

செயலியை முந்தைய நாளே நிறுவி, மைக்குக்கும் கேமராவுக்கும் அனுமதி கொடுத்துவிடுங்கள். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும். மொபைலைக் கையில் பிடிக்காமல் எதிலாவது கண் மட்டத்தில் சாய்த்துவையுங்கள். சார்ஜர் பக்கத்தில் இருக்கட்டும், அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: திரையில் உங்கள் முகமே உங்களுக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. மறைத்துவிடுங்கள். அழும்போது தன் முகத்தைத் தானே பார்த்தால், அழுகையை அடக்கத்தான் தோன்றும்.

படி 3: ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை

இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். யாராவது திடீரென அறைக்குள் வந்தால் சொல்வதற்கு ஒரு சாதாரணச் சொல்லைப் பேசிவையுங்கள். அதைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிடுவார். நீங்கள் சொல்வது யாரிடமும் போகாதா, எந்தச் சூழ்நிலையில் போகும் என்று தயங்காமல் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பொதுவாக அந்த ரகசியத்துக்கு விலக்கு உண்டு. "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்பதும் அதற்காகத்தான்: அவசரம் என்றால் உதவி வந்து சேர வேண்டிய இடம் தெரிந்திருக்க வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போதே இருந்தால், அமர்வு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 4: கைக்கெட்டும் தூரத்தில்

தண்ணீர், கைக்குட்டை, பேனா, தாள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். முதல் அமர்வில் தூக்கம், பசி, உடல்நலம், குடும்பம் பற்றிய கேள்விகளே அதிகம் வரும். ஏன் இப்போது உதவி தேடுகிறீர்கள் என்பதை மட்டும் இரண்டு வரியில் எழுதிவையுங்கள். கோவையாகச் சொல்ல வராவிட்டால் அதையே படித்துக் காட்டலாம்.

படி 5: முன்னே பத்து நிமிடம், பின்னே இருபது

அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம் வரை நடக்கும். ஆனால் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். நேரில் போய் வந்தால், திரும்பும் வழியில் மனம் மெல்ல ஆறும். வீட்டில் அந்த வழி கிடையாது: லேப்டாப்பை மூடிய மறுநிமிடமே யாரோ கூப்பிடுவார்கள், அடுப்பில் வேலை காத்திருக்கும். எனவே முடிந்ததும் உடனே கதவைத் திறக்காதீர்கள். முகம் கழுவுங்கள், சற்று நேரம் சும்மா உட்காருங்கள், முடிந்தால் ஒரு சிறு நடை போய்வாருங்கள். சொல்ல நினைத்து விட்டுப்போனது ஏதாவது நினைவுக்கு வந்தால் அதே தாளில் குறித்துவையுங்கள். அடுத்த அமர்வை அதிலிருந்தே தொடங்கலாம்.