பத்திரத்துக்கு ஒரு பெயர், படலையில் கூப்பிட ஒரு பெயர்

இலங்கையின் வன்னிப் பக்கம், ஒட்டுசுட்டானில் எனக்கு ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை. பிரதி எடுத்துக் கொடுப்பதைவிடப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் கூடுதலான வேலை. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, எதற்கு வந்தாலும் முதல் கேள்வி பெயர்தான். அந்தக் கேள்வியிலேயே சிலர் தடுமாறி, "எந்தப் பெயரைச் சொல்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். பிறப்புப் பத்திரத்தில் திலகேஸ்வரன், ஊரில் குட்டி. வெளிநாட்டு மச்சானுக்கும் குட்டியைத்தான் தெரியும். அவர் குட்டியின் பெயருக்குக் காசை அனுப்பிவிடுவார். இங்கே அடையாள அட்டையை நீட்டினால் அது வேறு ஆளாக இருக்கும். மரண அறிவித்தலைப் பாருங்கள், அடைப்புக்குறிக்குள் "ராசன்" என்றோ "கிளி" என்றோ போட்டிருந்தால்தான் போனது யார் என்று ஊருக்கு விளங்கும்.

அதனால் பிள்ளைக்குப் பெயர் தேடி வருகிறவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு பெயரையும் சேர்த்து யோசியுங்கள் என்பதுதான். இரண்டாவதை ஊரிடம் விட்டால் ஊர் தன் விருப்பத்துக்கு ஒன்றை ஒட்டிவிடும்.

முதலில் நாள் கணக்கு. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழித்துப் பெயர் வைப்பார்கள். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆக, சடங்கு முடிந்த பிறகும் கையில் பதினொரு நாள் இருக்கிறது. அந்தப் பதினொரு நாளும் வீட்டுக்குள் பெயரைச் சொல்லிப் பழகிப் பாருங்கள். வாய்க்கு வராத பெயர் அதற்குள் தெரிந்துவிடும். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப் போட வேண்டாம். பெயரில்லாமலும் பிறப்பைப் பதிந்து, பெயரைப் பிறகு சேர்க்க முடியும். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு, அலைச்சல் கூடும்.

சாத்திரம் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தில் எழுத்தைப் பார்ப்பார்கள். ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. மகத்துக்கு ம, மி, மு, மே. விசாகத்துக்கு தி, து, தே, தோ. இவற்றுக்கெல்லாம் பெயர் தாராளமாகக் கிடைக்கும். திருவாதிரைக்கு கு, க, ங, ச என்று இருக்கும். ஙவுக்கு என்ன பெயர் வைப்பது? அதே நட்சத்திரத்தின் இன்னொரு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது. எண்சாத்திரத்துக்காக ஆங்கில எழுத்து ஒன்றைக் கூட்டிப் போடுவதுதான் எனக்குப் பிடிக்காது. அந்த எழுத்தை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கிக்கொண்டு நிற்கும்.

இனி முக்கியமான விசயம். பெயரைத் தெரிவு செய்யும்போது, வீட்டில் அதைச் சொல்ல முடியாதவர் யார் என்று பாருங்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் மாமனாரின் பெயர் கந்தசாமி என்றால், மருமகள் அடுப்படியில் நின்று "டேய் கந்தசாமி, இங்க வா" என்று கத்த மாட்டாள். அவள் பெரியவர் என்பாள், அப்பு என்பாள். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு அப்பு என்பதே பெயராகிவிடும். வன்னியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சண்டையில் போன மாமாவின் பெயரை, சித்தப்பாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வீடுகள் இங்கே நிறைய. வைக்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. வைக்கும் முன் அம்மம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிலர் அந்தப் பெயரை நாளுக்கு நூறு தரம் கூப்பிடத்தான் ஆசைப்படுவார்கள். சிலருக்கு நா எழாது, அவர்கள் பேரனைத் தம்பி என்றே கூப்பிடுவார்கள். அவரால் கூப்பிட முடியாது என்று தெரிந்தால், அதைப் பத்திரத்தில் இரண்டாவது பெயராகச் சேர்த்துவிட்டு, புழங்குவதற்கு வேறொன்றை முன்னால் வையுங்கள்.

எந்தச் செல்லப் பெயர் ஒட்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவர் சொல்வதுதான் ஒட்டும். வேலைக்குப் போய்விட்டு இரவில் வரும் தகப்பன் ஆசையாக வைத்தது ஒட்டாது. அடுத்தது தமையன், தமக்கை. மூன்று வயதுக் குழந்தைக்கு சங்கீர்த்தனன் எப்படி வாயில் வரும்? அது கீத்தா என்று சொல்லும், வீடே சிரித்து அதையே சொல்லும், ஆம்பிளைப் பிள்ளை கீத்தாவாகவே வளர்வான். ஆகவே மூத்த பிள்ளையின் வாய்க்கு வருகிற ஒன்றை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தம்பி, பபா, பேபி என்று பொதுவாகக் கூப்பிட்டுப் பழகினால் அதுவும் ஒட்டும். ஐம்பது வயதில் பேபி அன்ரியாக இருப்பவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவர் உண்டு.

அடுத்து, பெயர் எங்கே முறியும் என்று பாருங்கள். ஈஸ்வரி என்று முடிந்தால் வால் போய்விடும்: மகேஸ்வரி மகேஸ், பரமேஸ்வரி பரமேஸ். கஜேந்திரன் கஜன் ஆவான், தர்சிகா தர்சி ஆவாள். தொண்ணூறுகளில் இங்கே பரவலாக வந்த தனித்தமிழ்ப் பெயர்களில் ஒரு வசதி, இரண்டு சொல் சேர்ந்தவை நேராகப் பிளக்கும். தமிழ்ச்செல்வி தமிழும் ஆகலாம், செல்வியும் ஆகலாம். எது வேண்டுமோ அதை முதல் நாளே கூப்பிடத் தொடங்கினால் மற்றது வராது. நிலா, மதி போன்ற குட்டிப் பெயர்கள் குறுகாது, நீளும்: நிலாக்குட்டி, மதிக்குஞ்சு. யாழினி மாதிரியான பெயர்கள் அப்படியே நிற்கும், அதனால் அந்தப் பெயர் எனக்கு மிகப் பிடிக்கும்.

முறியும் இடத்தில் வில்லங்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நரேந்திரனைப் பள்ளிக்கூடம் நரி ஆக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் முரளிதரன் என்று வைத்தால் அவன் முரல் மீனாகாமல் தப்புவது கஷ்டம். தகப்பனின் முதலெழுத்தையும் சேர்த்து உரக்க வாசியுங்கள். குமாரசாமியின் மகனுக்கு ரங்கன் என்று வைத்தால், வகுப்பு வரவு இடாப்பில் கு. ரங்கன். நாகராசாவின் மகன் ரதன் என்றால் நாரதன். ஆசிரியர் முதல் நாள் கூப்பிடும்போதே வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் வயல் சோதனை. பெயரை வைத்துக்கொண்டு ஒருவரை வரம்பின் அந்தத் தலைப்பில் நிறுத்திக் கூப்பிட்டுப் பாருங்கள். "முகிலா!" "வேலா!" என்று நெடிலில் முடிவது காற்றில் போகும். டிலக்ஸ், மகேஸ் போன்றவை பாதி வழியில் விழுந்துவிடும். அகிலனை உரக்கக் கூப்பிட்டால் அகிலா ஆகிவிடும் என்பதையும் கவனியுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு அகிலா இருந்தால் இருவரும் ஓடி வருவார்கள். பிள்ளைகளுக்குக் கம்சன், கம்சிகா, கம்சிதன் என்று வரிசையாக வைக்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்கலாம். மூன்று பேருக்கும் ஒரே முதலெழுத்து. கிளினிக் கொப்பி மாறும், கடிதம் மாறும், கோபத்தில் கூப்பிடும் தாய்க்கு நாக்கும் மாறும்.

கறுவல், கட்டையன் போன்ற பெயர்களை வீட்டில் யார் தொடங்கினாலும் அன்றைக்கே நிறுத்துங்கள். அது மாமாவாக இருந்தாலும் சரி. திட்டி நிறுத்த முடியாது, திட்டினால் இன்னும் இறுக ஒட்டும். அவர் அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் நீங்கள் விரும்பும் பெயரைச் சொல்லிப் பிள்ளைக்குப் பதிலாக நீங்களே "என்ன?" என்று கேளுங்கள். இதை முன்பள்ளிக்குப் போகும் முன்னரே செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டால் பிறகு எங்கள் கையில் இல்லை.

கடைசியாக எழுத்து. ரஜனியா றஜனியா, தர்சன் ஆங்கிலத்தில் ரி.எச்சில் தொடங்குவதா டியில் தொடங்குவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டு போங்கள். பதிவாளரிடம் வாயால் சொல்ல வேண்டாம், தாளைக் கொடுங்கள். கையெழுத்து வைக்கும் முன் ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள், அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. பத்திரத்தில் ஒரு மாதிரி, சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று வந்தால், பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்கச் சமாதான நீதவானைத் தேடித் திரிய வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும் நாலு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். 2009இல் சண்டையில் பத்திரமெல்லாம் தொலைத்துவிட்டு, அலுவலர்கள் ஊருக்கு வந்து நடத்திய நடமாடும் சேவையில் வரிசையில் நின்ற ஊர் இது. பிரதியை என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.