ஃப்ரெண்ட்ஸோட கினபாலு மலை ஏறப் போறீங்களா? ஊர்லயே பேசி முடிச்சிட்டு கிளம்புங்க

மலேசியாவுல சபா மாநிலத்துல, போர்னியோ தீவுல இருக்குற மவுன்ட் கினபாலு 4095 மீட்டர். மலையேற்றம்னு தனியா கத்துக்கிட்டிருக்கணும்னு இல்ல, நல்லா படி ஏறி இறங்குற உடம்பு இருந்தா ரெண்டு நாள்ல போயிட்டு வந்துடலாம், அதனாலதான் வெளிநாட்டு ட்ரிப்ல ஒரு பெரிய மலை ஏறணும்னு யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனா நாலஞ்சு பேரா போறப்ப, யாருக்காவது முடியலன்னா என்ன பண்றதுன்னு ராத்திரி மூணு மணிக்கு, குளிர்ல, இருட்டுல நின்னு பேச முடியாது. அதை ஊர்லயே டீக்கடையில உக்காந்து பேசி முடிச்சிடணும். இந்த மலையில நல்லபடியா போயிட்டு வர்ற கேங்குக்கும் மூஞ்ச தூக்கிக்கிட்டு வர்ற கேங்குக்கும் வித்தியாசம் அங்கதான்.

முதல்ல புக்கிங். எல்லாரும் ஃப்ளைட் டிக்கெட்ட போட்டுட்டு மலைக்கு தேதி தேடுவாங்க, இங்க அது வேலைக்கு ஆகாது, ஏன்னா பாதி வழியில பனலாபான்ங்குற இடத்துல ஒரு ராத்திரி தங்கியாகணும், அங்க படுக்கை கொஞ்சம்தான், ஒரு நாளைக்கு இத்தன பேருதான்னு பர்மிட்டும் அளவாத்தான் தர்றாங்க. அதனால பல மாசம் முன்னாடியே மலை தேதிய உறுதி பண்ணிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மழை கொஞ்சம் கம்மி. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்லேர்ந்து 30 நாள் வரைக்கும் விசா இல்லாம விடுறாங்க, ஆனா அது காலக்கெடு வச்ச சலுகை, டிக்கெட் போடுறப்ப இன்னும் இருக்கான்னு பார்த்துக்கோங்க. மலேசியா போய் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள அவங்களோட டிஜிட்டல் அரைவல் கார்டும் ஆன்லைன்ல ஃபில் பண்ணணும். இன்னொண்ணு, கோலாலம்பூர்லேர்ந்து சபாவோட தலைநகர் கோத்தா கினபாலுக்கு போறது உள்நாட்டு ஃப்ளைட்தான்னாலும் சபாவுக்குன்னு தனி இமிகிரேஷன் இருக்கு, அங்க மறுபடி பாஸ்போர்ட் காட்டணும், அதனால பாஸ்போர்ட்ட பெரிய பையில போட்டு செக்-இன் பண்ணிடாதீங்க.

மலை ஏற கைடு கட்டாயம். உள்ளூர்ல மாலிம் குனுங்னு சொல்வாங்க, பெரும்பாலும் அந்த மலையடிவாரத்து டூசுன் மக்கள். ஒரு கைடுக்கு அதிகபட்சம் அஞ்சு பேரு. இங்கதான் கணக்கு போட்டு பாக்கணும்: அஞ்சு பேருக்கு ஒரு கைடுன்னா, ரெண்டு பேருக்கு முடியாம போச்சுன்னா அவரு யார்கூட இருப்பாரு? மூணு பேருக்கு மேல இருந்து, அதுல ஒருத்தருக்காவது உடம்பு சந்தேகமா இருந்தா ரெண்டாவது கைடுக்கு காசு போட்டு பிரிச்சுக்கோங்கன்னுதான் நான் சொல்வேன். அதைவிட நல்ல செலவு இந்த ட்ரிப்ல கிடையாது. ஒருத்தர் திரும்புறேன்னு சொன்னா "இன்னும் கொஞ்ச தூரம்தான்டா மச்சான்"னு யாரும் இழுக்கக் கூடாது, அவருக்காக மத்தவங்க எல்லாரும் திரும்பணும்னும் இல்ல, இந்த ரெண்டையும் எல்லாரும் வாய்விட்டு ஒத்துக்கிட்டு கிளம்புங்க.

பயிற்சிக்கு ஜிம் வேணாம், படிக்கட்டு போதும். அபார்ட்மென்ட் படியில முதுகுல பைய மாட்டிக்கிட்டு ஏறுங்க, முக்கியமா லிஃப்ட்ல இறங்காம நடந்தே இறங்குங்க, கினபாலுல முட்டிய உடைக்கிறது இறக்கம்தான். சீசன்ல வெள்ளியங்கிரி ஏறி இறங்குனவங்களுக்கு ஓரளவு ஐடியா இருக்கும், இங்க கூடுதலா இருக்குறது உயரமும் குளிரும்.

முந்தின நாள் ராத்திரி கோத்தா கினபாலுல தங்காதீங்க. அது கடலோரம், மலை இருக்குற கினபாலு பார்க்குக்கு ரெண்டு மணி நேரம் வண்டியில வரணும். பார்க் ஹெட்குவார்ட்டர்ஸே 1500 மீட்டருக்கு மேல இருக்கு, அங்கயோ பக்கத்துல குண்டசாங்லயோ தூங்குனா உடம்பு கொஞ்சம் பழகிக்கும், காலைல அவசரமும் இல்ல. பதிவு பண்ணி, கழுத்துல மாட்ட பேர் போட்ட டேக் வாங்கிட்டு, வேன்ல திம்போஹோன் கேட்டுக்கு போவாங்க, அது 1866 மீட்டர். கேட்ட தாண்டினதும் வழி முதல்ல கீழ இறங்கும், கார்சன் அருவின்னு ஒரு சின்ன அருவி வரைக்கும். அந்தப் படிய நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, அடுத்த நாள் காலெல்லாம் துவண்டு போய் வர்றப்ப கடைசியா அதை ஏறித்தான் வெளிய வரணும்.

முதல் நாள் பனலாபான் வரைக்கும் 6 கிலோமீட்டர், பெரும்பாலானவங்களுக்கு நாலுலேர்ந்து ஆறு மணி நேரம் ஆகும். வழியில பொண்டோக்னு ஓய்வு கொட்டகைங்க இருக்கு, கக்கூஸும் தண்ணித் தொட்டியும் இருக்கும், ஆனா அது சுத்திகரிக்காத தண்ணி, குளோரின் மாத்திரை கொண்டு போங்க. சாப்பாட்டுப் பொட்டலத்த பெஞ்ச்ல வச்சிட்டு திரும்புனா அணில் வந்து கைவரிசை காட்டிடும். மெதுவா நடக்குறவர முன்னாடி விடுங்க, வேகமா போறவர் பின்னாடி வரட்டும், அப்பதான் யாரும் மூச்சு வாங்கிக்கிட்டு துரத்த வேண்டியதில்ல. நாலாவது கிலோமீட்டர்ல லயாங்-லயாங் தாண்டினதும் மண்ணு மஞ்சளா மாறும், மரமெல்லாம் குட்டையா முறுக்கிக்கிட்டு நிக்கும், புதருக்குள்ள குனிஞ்சு பாத்தா குடுவைச் செடி இருக்கும், கை அளவுக்கு சிவப்பா, விளிம்புல வரிவரியா, உள்ள தண்ணி நிறைஞ்சு பூச்சி மிதக்கும். தயவுசெஞ்சு தொடாதீங்க, அதுல சில வகை உலகத்துலயே இந்தப் பகுதியிலதான் இருக்கு. மதியத்துக்கு மேல மழை வரும்னு வச்சுக்கிட்டே நடங்க, அதனால காலைல சீக்கிரம் கிளம்புறது நல்லது.

பைக்குள்ள என்ன வேணும்னா: மழைக் கோட்டு, ஹெட்லைட், பிடிமானமான கையுறை (கயிறு பிடிக்கணும், கம்பளி கையுறை நனைஞ்சா வீண்), காதை மூடுற குல்லா, மாத்துத் துணிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். சாயங்காலமும் ராத்திரியும் மேல பஃபே சாப்பாடு கிடைக்கும், சைவம்னா புக் பண்றப்பவே சொல்லிடுங்க. பை கனமா இருந்தா போர்ட்டர் கிலோ கணக்குல தூக்கிட்டு வருவாரு, கூச்சமே படாம குடுங்க.

சாயங்காலம் சீக்கிரம் சாப்பிட்டு ஏழு மணிக்கு படுத்துடுங்க, தூக்கம் சரியா வராது, பரவால்ல. ராத்திரி ரெண்டு, ரெண்டரைக்கு கிளம்பணும். தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குறது, நடை தள்ளாடுறது, இதுல எது இருந்தாலும் மறைக்காம கைடுகிட்ட சொல்லுங்க, மூணாயிரம் மீட்டருக்கு மேல உயரத்தால வர்ற கோளாறுக்கு கீழ இறங்குறதுதான் மருந்து. இந்தக் கோளாறு வராம இருக்க மாத்திரை போடணும்னா ஊர்லயே டாக்டர கேட்டுட்டு வந்துடுங்க.

3668 மீட்டர்ல சயாட்-சயாட் செக்பாயிண்ட், அங்க டேக்க பாத்து பேர் குறிப்பாங்க, லேட்டா போனா மேல விட மாட்டாங்க. அதுக்கு மேல மரம் மட்டை ஒண்ணும் இல்ல, ஒரே கருங்கல் பாறை, வெள்ளைக் கயிறு வழி காட்டும். ஈரமா இருந்தா வழுக்கும், காத்தும் மழையும் பலமா இருந்தா கைடு திரும்பச் சொல்வாரு, அப்ப எதிர்த்துப் பேசாதீங்க. 2015 ஜூன் 5 அன்னைக்கு வந்த நிலநடுக்கத்துல இந்த மலையில 18 பேரு செத்துப் போனாங்க, அதுல மலை கைடுகளும் உண்டு, மாட்டிக்கிட்டவங்கள கீழ கொண்டு வந்ததுலயும் இந்த ஊர் கைடுங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவங்களுக்கு இது முன்னோர்களோட ஆவி தங்குற மலை, உச்சியில கத்துறது, கூத்தடிக்கிறது எல்லாம் வேணாம். உச்சியில போர்டு பக்கத்துல போட்டோவுக்கு வரிசை நிக்கும், ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு நகருங்க, உடம்பு ஆறுனா குளிர் எலும்புக்குள்ள போயிடும்.

அன்னைக்கே உச்சியிலேர்ந்து திம்போஹோன் கேட் வரைக்கும் 8.7 கிலோமீட்டரும் இறங்கணும். ஊன்றுகோல் ரெண்டு வாடகைக்காவது எடுத்துக்கோங்க, நகத்த ஒட்ட வெட்டிட்டுப் போங்க, இல்லன்னா பெருவிரல் ஷூல இடிச்சு கறுத்துடும். மறுநாள் காலைல ஃப்ளைட் போடாதீங்க, ஒரு நாள் போரிங்ங்குற (Poring) இடத்துல இருக்குற வெந்நீர் ஊற்றுல கால நீட்டி உக்காந்துட்டு, அப்புறம் கோத்தா கினபாலுல மீன் சாப்பிட்டுட்டு கிளம்புங்க.